வனக்குழுத் தலைவரின் தம்பி

பாடைக்கு வெட்டிவந்த இரண்டு மூங்கில்களையும் அன்பரசன் வாசலில் இறக்கியபோது, ஜெயசுதா எழுந்து வந்து எதிரே நின்றாள். உள்ளே அவள் புருஷன், அன்பரசனின் தம்பி தீர்த்தகிரி, நெற்றிக் காசோடு கட்டிலில் கிடந்தான்.

"எந்தக் காட்ல வெட்னது மாமா?"

"நம்ம வனக்குழுக் காட்லதாம்மா."

"அது வாணாம். எடுத்துனு போய்டுங்க."



பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் காடு வெறும் மொட்டைக் கரடு. ஊர் கூடிக் குழு அமைத்து, அன்பரசனைத் தலைவராக்கி, கடுக்காயும் புளியும் மூங்கிலும் நட்டது. ஐந்து வருஷம் ஆடு மாடு ஏறக்கூடாது என்று கட்டுப்பாடு. ஆட்டை மட்டுமே நம்பிப் பிழைத்தவன் தீர்த்தகிரி.

"குட்டிங்க அடுத்த மலை வரைக்கும் நடக்காதுண்ணா. ஒரு மூலைய மட்டும் வுடு" என்று கேட்டான்.

தம்பிக்கு ஒரு நியாயமா என்று ஊர் கேட்டுவிடுமே என்பது அன்பரசனின் பயம். மூன்றாம் முறை ஆடுகள் உள்ளே நுழைந்தபோது அவரே ஓட்டிப்போய் ஊர்ப் பட்டியில் அடைத்தார். மறுவாரமே தீர்த்தகிரி ஆடுகளை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு மலையிறங்கினான். பதினொரு வருஷம் செங்கல் சூளை.

காடு வளர்ந்தது. கடுக்காயும் தேனும் எடுத்து விற்று, ஊரில் எல்லா வீடும் கூலிக்கு மலையிறங்காமல் பிழைத்தது. இந்த ஆடியில் திரும்பி வந்த தீர்த்தகிரிக்கோ நாலு எட்டு வைத்தால் மூச்சு இரைத்தது. அன்பரசன் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார், சாமை விளைச்சலைப் பற்றிப் பேசினார். மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தார்.

"அவுருதான் சொன்னாரு," என்றாள் ஜெயசுதா. "எங்கண்ணன் காட்ல எனக்காக ஒரு கொம்பு கூட வெட்டக் கூடாதுன்னு."

"கோவமா சொன்னானாம்மா?"

அவள் யோசித்தாள்.

"தெரியில மாமா. ஜன்னல் வழியா அந்தக் காட்டத்தான் பாத்துனு இருந்தாரு. சொன்னாரு, அவ்ளோதான்."

கட்டிலோடே தூக்கினார்கள். முன்கால் ஒன்றைத் தாங்கிய அன்பரசன் கடைசி வரை தோள் மாற்றவில்லை.

இடுகாடு அந்தக் காட்டின் அடிவாரத்தில். குழி வெட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணன் இடுப்பளவு ஆழத்திலிருந்து நிமிர்ந்தான்.

"தலைவரே, வேரு ஒண்ணு குறுக்கால ஓடுது. மேல காட்லருந்து வருது. வெட்டிடட்டா?"

அன்பரசன் குனிந்து பார்த்தார். கை தடிமனுக்கு ஒரு வேர், மண் அப்பியிருந்தது.

"வாணாம். ஏறி வா."

"இன்னா தலைவரே, பாதிக்கு மேல தோண்டியாச்சு. வெயில் வேற ஏறுது."

அவர் கட்டிலை நிழலில் இறக்கச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டி, கிருஷ்ணன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி, நாலடி தள்ளிப் புதிதாகக் கோடு கிழித்தார்.

முதல் குத்திலேயே கல் தட்டியது. மறுபடி ஓங்கினார்.