சுத்தமான சிறுநீர்

ஒன்பது நாளாகக் கோரின் உடம்பில் எதுவும் ஏறவில்லை. தெருவில் விற்கும் மெத் என்ற போதைத்தூளும் இல்லை, அதற்குப் பதிலாக டாக்டர் எழுதித்தரும் ஊக்க மாத்திரையும் இல்லை. வான்கூவரின் ஹேஸ்டிங்ஸ் தெருவில் பத்து வருடம் புகைத்துப் பல்லைத் தொலைத்தவளுக்கு இது லேசுப்பட்ட காரியமா? சிறுநீர்க் கோப்பையை டாக்டர் ஹால்வர்சனின் மேசைமேல் வைத்துவிட்டு, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

டாக்டர் சோதனைப் பட்டையைப் பார்த்தார். முகம் மாறியது.

"கோரின், இதுல ஒண்ணுமே இல்லையே."

"அதான் டாக்டர்! ஒன்பது நாள். ஒருநாள் இந்த மாத்திரையும் வேணாம்னு ஆயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொல்லிட்டு நிறுத்தணும்மா. வாராவாரம் வாங்கிட்டுப் போனீங்களே, அதெல்லாம் எங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே மெத் தெரிந்தால்கூட மன்னிப்பு உண்டு. எழுதிக்கொடுத்த மாத்திரை தெரியாவிட்டால் கிடையாது. விற்றுவிட்டாள் என்றுதான் அர்த்தம். மக்கு, ரெண்டு வருடம் வந்துபோயும் சந்தோஷத்தில் இதை மறந்துவிட்டாள்.

"விக்கல டாக்டர். என்கூட இருக்கிற வெண்டலுக்குக் குடுத்தேன். இந்த மாத்திரைத் திட்டத்துல அவனுக்கு இடமில்லைன்னு சொல்லிட்டீங்க. இது இல்லன்னா கீழ தெருவுல போய் மெத் வாங்குவான். அதுல ஆளைக் கொல்ற ஃபென்டனில் மருந்தைக் கலக்குறானுங்க. போன மாசம் அவன் தம்பி பாத்ரூம்லயே போய்ச் சேந்தான்."

"விதியில விக்கிறதும் குடுக்கிறதும் ஒண்ணுதாம்மா. இனிமே என்னால எழுத முடியாது."

டாக்டர் நல்லவர்தான். கண் கலங்கியது. கலங்கி யாருக்கு என்ன பிரயோஜனம்? கை அதுபாட்டுக்குக் கணினியில் அவள் பெயரை நீக்கிக்கொண்டிருந்தது.

மூன்று மாடி ஏறி அறைக்கு வந்தாள். வெண்டல் சவரம் செய்து, தலைசீவி, கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"என்னடி, பாஸா ஃபெயிலா?"

"பாஸ். சுத்தமோ சுத்தம்னுட்டாரு."

"பாத்தியா! நான் அப்பவே சொல்லல?" என்று சிரித்தவன், தினமும் காலையில் நீட்டுவதுபோல் உள்ளங்கையை நீட்டினான்.

"காப்பி போடட்டுமா?" என்றாள் கோரின்.

வெண்டல் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு குனிந்து கட்டிலுக்கடியில் பூட்ஸைத் தேடினான்.

"இரு," என்றாள் அவள். "நானும் வரேன்."