வாய் பிளந்த அம்பு

அம்புப் பட்டறையில் வெளிச்சம் சட்டென்று குறைந்தபோதுதான் நூலக்கா தலைநிமிர்ந்தாள். தங்கைக்கு அம்பு வாங்கிப்போன லாரிக்காரன் உள்ளே நின்றிருந்தான். கூட வந்த இருவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள்.

அவன் சத்தம் போடவில்லை. முறிந்த அம்பு ஒன்றை மேசைமேல் வைத்தான். பயிற்சியில் தன் தங்கை நாணை விட்டதும் அம்பின் வாய் பிளந்து, மூங்கில் சிம்பு அவள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் வந்துவிட்டது என்று, யாருக்கோ வழி சொல்கிறவன் மாதிரி நிதானமாகச் சொன்னான். நரம்பு போய்விட்டதாம். கட்டைவிரல் இனி மடங்காதாம்.

“இந்த வாய வெட்டுன கை எது?”

நாண் பதிவதற்கு அம்பின் அடிநுனியில் போடும் வெட்டைத்தான் வாய் என்பார்கள். அந்தப் பட்டறையில் அதை வெட்டுகிறவர்கள் இரண்டு பேர்: நூலக்காவின் புருஷன், அவள் தம்பி. யார் வெட்டினாலும் அதற்குக் கீழே பசை தடவி நூல் சுற்றி இறுக்குவது அவள். தம்பி ஊமைக் கோட்டான். எருமைக் கொம்பைச் சில்லாகச் சீவி, மூங்கில் நாருக்குக் குறுக்கே சொருகி, அதன் மேல்தான் வாயைத் திறப்பான். நாணின் அடியைக் கொம்பு வாங்கிக்கொள்ளும், மூங்கில் பிளக்காது. புருஷனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரித்துக்கொள்கிறவன்.

அந்த வாய்தான் இப்போதும் முந்தியது. “மச்சினன்தாங்க வெட்டுறது. நான் மூங்கில நிமித்தறதோட சரி.”

தம்பி மாமனை ஒருமுறை பார்த்தான். என்ன சொல்ல வந்தானோ, அதற்குள் லாரிக்காரனின் முஷ்டி அவன் உதட்டில் இறங்கியது. பல் ஒன்று கொம்புத் தூளில் விழுந்தது. கீழே விழுந்தவனை வயிற்றில் மிதித்தார்கள். முடியைப் பிடித்துத் தூக்கி, வலது கையை மேசையில் பூட்டியிருந்த வைஸ் இடுக்கிக்குள் வைத்து, கைப்பிடியைச் சுற்றினார்கள். நூலக்கா பாய்ந்தாள். ஒருவன் அவள் கழுத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். பச்சை மூங்கில் நொறுங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. தம்பியின் அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது. புருஷன் மூங்கில் கட்டுகளை ஒட்டி நின்று, பீரோவை நகர்த்துகிறவர்களிடம் சொல்வதுபோல, “பாத்துங்க, பாத்துங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவர்கள் போனதும் அவள் வைஸைத் தளர்த்தினாள். இரண்டு விரல்கள் தட்டையாகியிருந்தன. முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். புருஷன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

“ரெண்டு பேரும் படுத்துட்டா பட்டறைய யார் பாக்குறது? எலும்புதானே, கூடிரும்” என்றான்.

அவள் மேசையிலிருந்த அம்பை எடுத்தாள். பிளந்த வாயில் கொம்பு இல்லை. வெறும் மூங்கில். கீழே இருந்த நூல் மட்டும் ஓர் இழைகூடப் பிரியாமல் இறுகிக் கிடந்தது. கொம்பு வைக்கலையா என்று நூல் சுற்றிய அன்றைக்கே அவள் புருஷனிடம் கேட்டிருந்தாள். உன் தம்பி மாதிரி நொட்டை சொல்லாதே, இறுக்கிக் கட்டு, எல்லாம் நிற்கும் என்றான். அவளும் இறுக்கிக் கட்டினாள்.

“அக்கா, விடு” என்றான் தம்பி, ரத்தம் கொப்பளிக்கும் வாயோடு.

அவள் அம்போடு வெளியே போனாள். புருஷன் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான்; பிறகு கெஞ்சினான். தெருமுனைக் குழாயில் அவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே.”

மூவரும் திரும்பினார்கள்.

“ஆள் மாறிப்போச்சுண்ணே. இத வெட்டுனது எங்க வீட்டுக்காரர். கொம்பு இல்லன்னு தெரிஞ்சும் நூல் கட்டுனது நான்.”

பட்டறைப் பக்கம் மூங்கில் கட்டுகள் தடதடவென்று சரிந்தன. லாரிக்காரன் குழாயை மூடினான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி அவளை நோக்கி நடந்து வந்தான். அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு தெரு நடுவே நின்றாள்.