ஹாரன் அடித்த பிறகு

கூத்தைக் கேளுங்கள். அம்பை விட்டவன் மேனேஜர். அது பாய்ந்தது தச்சன் காலில். குற்றவாளி யார் என்றால், தச்சன்! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மூரில் சொல்வார்கள். அரபு நாட்டில், சோஹார் கேம்பில் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். எய்தவனையும் விட்டார்கள், அம்பையும் விட்டார்கள், குத்துப்பட்ட காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஹாரன் அடிக்கவே இல்லன்னு நீ சொல்லணுமாம்" என்றார் செய்கு அலாவுதீன். கீழக்கரைக்காரர், கேம்ப் பாஸ். இங்கிலீஷ், அரபி, இந்தி மூன்றும் தெரிந்தவர் என்பதால் வெள்ளைக்காரர்கள் சொல்வதைத் தமிழாக்கிக் கூலிகளிடம் சேர்ப்பதும் அவர் டூட்டிதான். மெஸ்ஸில் வேலுச்சாமியின் எதிரே நின்றுகொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், சாம்பார் வாளியைப் பார்த்துச் சொன்னார்.

"நான் அடிச்சேன் பாய். ஸ்டோர் துரை கையத் தூக்குனாரு, அடிச்சேன். நீங்களும் அங்கனதான நின்னீக?"

"நின்னேன்."

"கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சுப்பா. அதுக்கு? மேனேஜர் இல்லங்கிறாரு. தச்சன் அம்மையப்பன் தானா உள்ள போயி மாட்டிக்கிட்டான்னு எழுதியாச்சு. ஆளக் கேன்சல் பண்ணியாச்சு. சனிக்கிழமை பிளேன். கலாஸ், முடிஞ்சுது."

"கால் எலும்பு உடைஞ்சு கெடக்கு பாய்!"

"தப்பு கம்பெனி மேலன்னா மஸ்கட் ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் பண்ணித்தான் ஆகணும். தப்பு அவன் மேலன்னா கட்டுப் போட்டு ஊருக்கு அனுப்புனாப் போதும். நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா அவங்களுக்கு வேலை முடிஞ்சுது. யோசிச்சுச் சொல்லு தம்பி."

வேலுச்சாமி யோசிக்கிற ஜாதி இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம், கம்பி கட்டுகிற வேலை, கோபம் மூக்கு நுனியில். தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். சோறு சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டது. அலாவுதீன் சட்டையில் தெறித்த சாம்பாரைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். போனவர் நேராக ஆபீசுக்குப் போய், "சொல்லிருவான் சார்" என்று ஒப்பேற்றிவிட்டு வந்துவிட்டார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

அந்த விளையாட்டைச் சொல்லாவிட்டால் இந்த வயிற்றெரிச்சல் முழுசாகப் புரியாது. எண்பத்தாறாம் வருஷம், குளிர்காலம். கேம்புக்கும் மலைக்கும் நடுவே சரளைப் பொட்டல் பரந்து கிடக்கிறது. மேனேஜர் ரஸ்டன் அங்கே வில் விளையாட்டு ஆரம்பித்தார். எதிரே வட்டம் வரைந்த பலகையை வைத்து அடிக்கிற வில் இல்லை. பெரிய கண்மாய்க்கரையின் இந்த முனையில் நின்றால் மடை எவ்வளவு தள்ளித் தெரியுமோ, அவ்வளவு தள்ளித் தரையில் ஒரு சின்னக் கொடி நட்டிருக்கும். கொடியைச் சுற்றிச் சுண்ணாம்பில் வட்டத்துக்குள் வட்டம். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி விடுவார்கள். அம்பு மேலே போய், திரும்பி, மூக்குக் கீழாக இறங்கி, தரையில் குத்தி நிற்கும். கொடிக்கு எத்தனை கிட்டத்தில் குத்துகிறதோ அத்தனை புள்ளி. அவர்கள் நாட்டில் ராஜா காலத்திலிருந்து ஆடுகிறார்களாம்.

ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் வாரம் முழுக்க வெயிலில் வெந்தவனுக்கு முதுகு சாய்க்கக் கிடைப்பது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அந்த வெள்ளிக்கிழமையில் கல் பொறுக்கவும் சுண்ணாம்பு போடவும் ஐஸ்பெட்டி தூக்கவும் துரைமார்களுக்கு ஆள் வேண்டும்.

அம்மையப்பனுக்குக் கொடிப் பக்கத்தில் வேலை. அம்பு விழுந்த இடத்தைப் பார்த்து, கலர்த் தட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டும். சென்ட்ரிங் தச்சன் அல்லவா, ஒதுங்கி நிற்கத் தானே பலகை அடித்து ஒரு மறைப்புச் செய்துகொண்டான். "கொடிகிட்ட நிக்கிறவனுக்குத்தான் ஆபத்தே இல்லை, நாங்கள் விடுவது எதுவும் அங்கே வந்து விழாது" என்று ரஸ்டன் ஒருநாள் சொல்லிச் சிரித்தார். அலாவுதீன் அதைத் தமிழில் சொன்னதும் அம்மையப்பனும் சிரித்தான். பாவி மனுஷன், சிரித்தான்.

வேலுச்சாமிக்கு வில்லாளிகள் பக்கத்தில் வேலை. பொட்டல் காற்றில் விசில் எடுபடவில்லை என்று, பழைய லாரியிலிருந்து கழற்றிய ரப்பர் பந்து ஹாரன் ஒன்றை அவன் கையில் கொடுத்திருந்தார்கள். சின்னதாக ஒன்று அடித்தால், அம்பு விடலாம். நீளமாக அடித்தால், வில்லை இறக்கு, ஆள் உள்ளே போகிறான் என்று அர்த்தம். நேரம் முடிந்ததும் ஸ்டோரைப் பார்க்கும் வெள்ளைக்காரர், ஸ்டோர் துரை, கையைத் தூக்குவார், உடனே நீளமாக அடிக்க வேண்டும். விளையாட்டில் வேறு எந்தச் சட்டத்தை மீறினாலும் புள்ளிதான் போகும். இதை மீறினால் உயிர் போகும்.

போன வெள்ளிக்கிழமை எல்லாரும் விட்டு முடித்தார்கள். ஸ்டோர் துரை கையைத் தூக்கினார். வேலுச்சாமி நீளமாக அடித்தான். அம்மையப்பன் மறைப்பை விட்டு வெளியே வந்து கொடியைப் பார்த்து நடந்தான். ரஸ்டனிடம் கடைசி அம்பு ஒன்று பாக்கி இருந்தது. அன்றைக்கு அவருக்கு ஒன்றும் சரியாக விழவில்லை, கடுப்பில் இருந்தார். ஹாரன் முழங்கிக்கொண்டிருக்கும்போதே வில்லைத் தூக்கி விட்டார். அவ்வளவுதான். வருகிற அம்பு கண்ணுக்குத் தெரியாது. அம்மையப்பன் உட்கார்ந்ததைத்தான் பார்த்தார்கள். கேன்வாஸ் ஷூவோடு சேர்த்துப் பாதத்தைத் தரையில் தைத்திருந்தது.

பார்த்தவர்கள் எத்தனை பேர்! எல்லாரும் ரஸ்டனுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். ஸ்டோர் துரை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டை உடைத்த கையோடு வேலுச்சாமி அம்மையப்பனின் ரூமுக்குப் போனான். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"அண்ணே, பொய் சொல்லச் சொல்றாங்க."

"சொல்லிரு" என்றான் அம்மையப்பன்.

"என்னண்ணே பேசுறீக?"

"நெசத்தச் சொல்லி என்ன ஆகப்போகுது? என்னோட சேந்து ஒன்னையும் அனுப்புவாங்ய. வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிறாத." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான். "சாரத்துல ஏற முடியாத தச்சன ஊருல எவன்டா வேலைக்குக் கூப்புடுவான்?"

அந்தக் கேள்வி வேலுச்சாமியின் நெஞ்சில் நெருப்பை அள்ளிப் போட்டது. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இப்படிச் சுவரைப் பார்த்துக் கேட்கிறானே! அன்றிலிருந்து சைட்டில் கம்பி முறுக்கும்போதெல்லாம் ரஸ்டனின் கழுத்தை முறுக்குவதாக நினைத்துத்தான் முறுக்கினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து ஒரு குழு போட்டிக்கு வந்தது. ரஸ்டன் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வளைய வந்தார். ஒருத்தன் கால் கேம்பில் அழுகிக்கொண்டிருக்க, இங்கே சமோசாவும் சர்பத்தும். கொடிப் பக்கம் போக மட்டும் எந்தத் தொழிலாளியும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அந்த இடம் காலியாக இருந்தது, அம்மையப்பன் அடித்த பலகை மறைப்பு மட்டும் நின்றது. ஹாரன் வழக்கம்போல வேலுச்சாமி கைக்கு வந்தது. பொய் சொல்லச் சம்மதித்துவிட்டதாக அலாவுதீன் சொல்லியாயிற்று, பிறகு அவனை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

மஸ்கட் குழுவுக்குத் தலைவி நரைமுடியும் தடித்த கண்ணாடியுமாக ஒரு வெள்ளைக்கார அம்மாள். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து என்னவோ கண்டிப்பாகச் சொன்னாள். வேலுச்சாமியையும் விரலால் சுட்டிச் சொன்னாள்.

"என்னவாம் பாய்?"

"நீள ஹாரன் கேட்டா, யார் அடிச்சாலும், எதுக்கு அடிச்சாலும், வில்ல எறக்கிரணுமாம். காரணத்தப் பெறகு கேட்டுக்கலாமாம். வேற ஒண்ணுமில்ல, எல்லா எடத்துலயும் சொல்றதுதான்."

முதல் சுற்று நடந்தது. கடைசியில் ஸ்டோர் துரை கையைத் தூக்க, வேலுச்சாமி நீளமாக அடித்தான். அப்போது அந்த அம்மாள் நாணைக் காது வரைக்கும் இழுத்து வைத்திருந்தாள். விரலை விட வேண்டியதுதான் பாக்கி. ஹாரன் கேட்டதும், கை நடுங்க நடுங்க, இழுத்த நாணை மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவந்து, வில்லை இறக்கினாள். அம்பைக் கழற்றித் திரும்பப் பையில் போட்டாள். அந்த அம்புக்கான புள்ளி போயிற்று. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

வேலுச்சாமி பார்த்துக்கொண்டிருந்தான். இறக்க முடிகிறதே! முழுசாக இழுத்த வில்லையே ஒரு கிழவி இறக்குகிறாளே! அன்றைக்கு அந்த ரஸ்டன் வில்லைத் தூக்கக்கூட இல்லையே, ஹாரன் கேட்ட பிறகல்லவா தூக்கினான்! வேலுச்சாமியின் உடம்பு முழுக்க ஆத்திரம் ஏறியது.

"பாய், இந்த அம்மாகிட்டச் சொல்லுங்க. அம்மையப்பன் சங்கதியச் சொல்லுங்க."

"என்னய வம்புல மாட்டிவிடாத வேலு."

"எனக்கு இங்கிலீஷ் வந்தா ஒங்க கால்ல விழுவனா?"

"வாயப் பொத்து. மேனேஜர் பாக்குறாரு."

இரண்டாம் சுற்று ஆரம்பித்தது. வேலுச்சாமி கொடிப் பக்கம் நன்றாகப் பார்த்தான். ஈ காக்கை இல்லை. ரஸ்டன் கோட்டுக்கு வந்தார். அம்பைத் தொடுத்து, வானத்தைப் பார்த்து வில்லைத் தூக்க ஆரம்பித்தார். யாரும் கையைத் தூக்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. வேலுச்சாமி அவர் முதுகுக்கு நேராக நின்றுகொண்டு ரப்பர் பந்தை அமுக்கினான். விட்டுவிட்டு அல்ல, மூச்சு முட்ட, திரும்பத் திரும்ப, இடைவெளியே இல்லாமல்.

மஸ்கட் குழுவின் வில்கள் அத்தனையும் இறங்கின. கேம்பின் வெள்ளைக்காரர்களும் இறக்கினார்கள். ரஸ்டன் ஒரு கணம் தலையைத் திருப்பி, அடிப்பது யார் என்று பார்த்தார். கம்பி கட்டுகிறவன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, நிதானமாக நாணை இழுத்து, விட்டார்.

அம்பு போன வாரம் அம்மையப்பன் உட்கார்ந்த இடத்தருகே போய்க் குத்தி நின்றது. அருமையான அம்பு. ஒருவரும் கை தட்டவில்லை.

ரஸ்டன் வில்லைக் கீழே எறிந்துவிட்டு வந்தார். சைட்டில் பேசுகிற அரைகுறை இந்தியில் கத்தினார், "ஹாரன் க்யூன் மாரா? பாகல் ஹை?" ஏன் அடித்தாய், பைத்தியமா என்று.

வேலுச்சாமிக்கும் அரைகுறை இந்திதான் தெரியும். அது போதுமானதாக இருந்தது. "சாப், ஹாரன் சுனா?" ஹாரன் கேட்டதா என்றான்.

"சுனா! பஹரா நஹி ஹூன்! சுனா!" கேட்டது, நான் ஒன்றும் செவிடன் இல்லை என்று கத்தினார் ரஸ்டன்.

"சுனா, ஃபிர் பீ மாரா" என்றான் வேலுச்சாமி. அதற்கு மேல் இந்தி வரவில்லை. தமிழில் கத்தினான். "கேட்டுச்சுல்ல? கேட்டுக்கிட்டுத்தான விட்ட? அன்னைக்கும் கேட்டுச்சுடா! கேட்டுக்கிட்டேதான் விட்ட! எங்க அண்ணன் கால ஒடச்சுப்புட்டு அவன் மேலயே பழியப் போடுறியே, நீயெல்லாம் மனுசனாடா? நான் அடிச்சா அது ஹாரன் இல்லையா? மாடு கத்துனதா?"

பொட்டல் முழுக்க அவன் குரல்தான். அந்த நரைமுடி அம்மாள் அருகில் வந்து, இவன் என்ன சொல்கிறான் என்று பொதுவாகக் கேட்டாள்.

செய்கு அலாவுதீன் ஐஸ்பெட்டியைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்தார். ரஸ்டன் அவரைப் பார்த்து, "மாஃபி" என்றார் தாழ்ந்த குரலில், பேசாதே என்கிற அர்த்தத்தில். அது அலாவுதீன் காதில் விழுந்தது. ஆனாலும் பேசினார். ஒரு வார்த்தை விடாமல், மாடு கத்தியது உட்பட, எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார். முடித்துவிட்டு ஸ்டோர் துரையைப் பார்த்தார். ஸ்டோர் துரை இந்தத் தடவை ஷூவைப் பார்க்கவில்லை. "கையைத் தூக்கியது நான்தான்" என்றார்.

மஸ்கட்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வில்லின் நாணைக் கழற்றினார்கள். போட்டி அதோடு முடிந்தது. அந்த அம்மாள் கேம்புக்கு நடந்தே போய் அம்மையப்பனின் காலைப் பார்த்தாள். பார்த்தவள் ரஸ்டனிடம் எதுவும் கேட்காமல், தன் காரின் பின் சீட்டில் அவனைப் படுக்க வைத்து மஸ்கட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுக்குத் தெரியாத ஆபீசே அங்கே கிடையாது, கம்பெனி இனித் தட்டிக்கழிக்க முடியாது என்றார் அலாவுதீன். வேலுச்சாமிக்கு அதிலும் எரிச்சல்தான். வெள்ளைக்காரி சொன்னால்தான் வெள்ளைக்காரனுக்குக் காது கேட்கிறது.

கார் கிளம்பும்போது அம்மையப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "ஒன்னைய எவன்டா அடிக்கச் சொன்னது? ஒன் பொழப்பு போச்சேடா, மடையா!" என்று திட்டிக்கொண்டே அழுதான்.

பிழைப்பு போகத்தான் செய்தது. சனிக்கிழமை பிளேனில் அம்மையப்பனுக்குப் போட்டிருந்த இடம் வீணாகவில்லை, வேலுச்சாமியை ஏற்றிவிட்டார்கள். மேனேஜரை மரியாதைக் குறைவாகப் பேசியது, அனுமதி இல்லாமல் ஹாரன் அடித்தது, இரண்டு குற்றம். எப்படி இருக்கிறது நியாயம்!

ஏர்போர்ட்டுக்கு அலாவுதீன்தான் பிக்கப்பில் கூட்டிப்போனார். அவரையும் கேன்சல் பண்ணப்போவதாகப் பேச்சு இருந்தது.

"இன்னும் கோவமா இருக்கியா வேலு?"

"அவன் இன்னும் மேனேஜராத்தான பாய் இருக்கான். எப்படி எறங்கும்?"

வண்டி பொட்டலைத் தாண்டும் இடத்துக்கு வந்தது. கொடியைப் பிடுங்க நேற்று யாருக்கும் தோன்றவில்லை போலும், அது அங்கேயே நின்றது. தூரத்தில் புதுத் தொப்பி ஒன்று, தனியாக, நேற்றைய அம்புகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டும் இன்று ஒருத்தனும் போகவில்லையாம்.

அலாவுதீன் வேகத்தைக் குறைத்தார். ஸ்டீயரிங் நடுவில் இருந்த ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தொப்பி நிமிர்ந்து பார்த்தது. பொட்டல் முடிந்து மெயின் ரோடு வருகிற வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.