விரல் போட்ட கோடு

அக்ரிலிக் பலகையில் கடுகளவு துளைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எஃகுக் குண்டை இடுக்கியால் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார் போர்டுக்காரர். மூன்று குண்டுகள் ஏற்கெனவே உருண்டோடி மேசைக்கடியில் ஒளிந்துகொண்டன. நான்காவதும் கைநழுவியபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இருபது வருஷமா ஆளுயர எழுத்து வெட்டினவனைக் கடுகு பொறுக்க வெச்சுட்டியே!"

"ஆளுயர எழுத்துக்கு ஆள் வந்தா அதையே வெட்டுங்க. வரலையே," என்றாள் மனைவி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.

அது உண்மைதான். முச்சந்தியில் பெரிய மின்திரை வந்ததிலிருந்து திறப்புவிழா, தள்ளுபடி, இரங்கல் எல்லாம் அங்கே போய்விட, இங்கே இருவரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பேனர் அடிக்கும் மிஷினின் மேல் அவள் துணி காயப்போட ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. பார்வையில்லாதவர்கள் தடவிப் படிக்கிற மாதிரி பிரெயில் புள்ளிகளோடு எல்லா அறைக்கும் பலகை வைக்கச் சொல்லி மருத்துவமனைக்கு உத்தரவு வந்திருப்பதை அவள்தான் விசாரித்துக்கொண்டு வந்தாள். நூற்று நாற்பது அறைகள். மாதிரிப் பலகை தேறினால் வேலை இவர்களுக்கு. தேறாவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டு, மச்சானின் லாரி ஷெட்டில் நம்பர் பிளேட் எழுதப் போக வேண்டும். மச்சான் இப்போதே அவருக்கு ஒரு ஸ்டூல் ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஸ்டூலை நினைத்தாலே போர்டுக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை கட்டடப் பொறியாளர் பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'டெலிபோன் அறை' என்ற எழுத்து பளபளத்தது. அதன் கீழே புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றன.

"ஜோரா இருக்கு. கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஒரு தடவை யாராச்சும் படிச்சுப் பாக்கட்டுமே சார்," என்றாள் மனைவி.

"யாரும்மா இதைப் படிக்கப்போறா? வைக்கணும்னு உத்தரவு. வெச்சாச்சுன்னா சரி."

போர்டுக்காரர் மனைவியின் காலை மெல்ல மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"டெலிபோன் ரூம்லயே கண்ணு தெரியாத ஒரு அக்கா இருக்காங்களாமே சார்?"

இருந்தார். பத்தொன்பது வருடமாக அங்கே ஆபரேட்டர். காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, பலகையை மடியில் வைத்து விரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இது எந்த ஊரு பாஷை?"

போர்டுக்காரர் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவிக்குச் சட்டென்று பொறி தட்டியது. அக்ரிலிக் என்றால் எழுத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் அச்சடிப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். காலங்காலமாக அழுத்திய அந்தத் 'திருப்பு' பொத்தானை, முன்பக்கம் வரவேண்டிய புள்ளிகளுக்கும் அவள் கை தன்னால் அழுத்தியிருக்கிறது.

"நான்தான்க்கா. கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிப் போட்டுட்டேன்," என்றாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"அப்ப வேற ஆளைத்தான் பாக்கணும்," என்றார் பொறியாளர்.

"பாருங்க சார்," என்றார் ஆபரேட்டர். "லிஃப்டுல போன வருஷம் ஒண்ணு ஒட்டினாங்களே, அதுவும் உளறல்தான். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேக்கல. இவங்க கேட்டிருக்காங்க. தப்பு எங்கேன்னும் அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு."

பொறியாளர் லிஃப்ட் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுநாள் வரை நேரம் கொடுத்தார்.

வழியெல்லாம் அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். "மிதிச்ச காலு வலிக்குதா?" என்று போர்டுக்காரர் கேட்டபிறகுதான் கொஞ்சம் சிரித்தாள். சாயங்காலம் புதுப் பலகையில் குண்டுகளை அவரே பொறுக்கி வைத்தார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

மறுநாள் ஆபரேட்டரின் விரல் புள்ளிகளின் மேல் நிதானமாக நகர்ந்தது. "டெ... லி... போன்... அறை." மறுபடி முதலிலிருந்து, இம்முறை தடங்கலில்லாமல் படித்தார். "நம்ம ரூமேதான்!" என்றார். நூற்று நாற்பதும் அவர் கை பட்டபிறகே சுவரேற வேண்டும் என்று மனைவி சொல்ல, பொறியாளர் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மத்த போர்டு மாதிரியே ஏழடியில மாட்டிடுங்க. ஒரே வரிசையா இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

போர்டுக்காரர் டிரில்லோடு ஸ்டூலில் ஏறினார். ஏறிய இடத்திலிருந்து பார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. வெள்ளைச் சுவரில், மாடிப்படி முடிகிற இடத்திலிருந்து, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அழுக்கேறிய ஒரு கோடு. கதவுகளைத் தாண்டித் தாண்டி வந்து, இந்த வாசலில் முடிந்திருந்தது.

"சுவத்துல இது என்ன கோடும்மா?"

"எது? ஓ, சுவத்துல கறையா? திட்டுவாங்கண்ணே," என்றார் ஆபரேட்டர் உள்ளேயிருந்து. "சுவத்தைத் தடவிக் கதவை எண்ணிக்கிட்டே வருவேன். ஏழாவது நம்மது. வெள்ளையடிச்சாலும் மறுபடி வந்துடுதாம்."

போர்டுக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். மனைவி அதை எடுத்து ஓரமாக வைத்தாள். அளவு நாடாவையும் அவர் எடுக்கவில்லை. கோடு முடிந்த இடத்துக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதல் துளையைப் போட்டார்.