காலம் காட்டாத வினை

"ரெண்டு பேரும் என்னைய அடிக்கிறாங்க தொரை" என்றாள் சாட்சிக்கூண்டில் நின்ற நல்லம்மா. மொழிபெயர்ப்பாளர் இராஜரத்தினம் அதை நீதவானுக்கு "தே பீட் மீ" என்று சொன்னார். கண்டியில் வழக்குகள் ஆங்கிலத்தில் நடந்த காலம் அது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உடனே எழுந்தார். புருஷனும் மாமியாரும் அடித்தது உண்மைதான். ஆனால் அது தீபாவளியோடு முடிந்த கதை. இப்போது மூவரும் மஹய்யாவையில் ஒரே வீட்டில் சமாதானமாக இருக்கிறார்கள். சாட்சியே இறந்தகாலத்தில்தானே சொல்கிறாள் என்றார். நீதவான் தலையசைத்தார். அடி நின்றுவிட்டதென்றால் புருஷனை எச்சரித்து, இனி அடிப்பதில்லை என்று பிணை எழுதி வாங்க வேண்டியதில்லை, வழக்கைத் தள்ளிவிடலாம்.

இராஜரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டாகப் பாடி மனனம் செய்த வினைகள்! 'கோ' நேற்றைக்கு 'வென்ட்' ஆகும், 'ஸீ' நேற்றைக்கு 'ஸோ' ஆகும். 'பீட்'டோ நேற்றைக்கும் பீட், இன்றைக்கும் பீட். 'ஆர் பீட்டிங்' என்று சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னாலோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்த பெயர் போய்விடும். ஆனாலும், பிழை தன்னுடையது, சாட்சி சொன்னது நிகழ்காலம் என்று அவர் நீதவானிடம் சொன்னார்.

சட்டத்தரணி சிரித்தார். சாட்சியைத் திரும்பக் கேட்கும்படி நீதவான் இராஜரத்தினத்தைப் பணித்தார்.

"பிள்ளை, இப்பவும் அடிக்கினமோ, முந்தி அடிச்சதோ? விளங்கச் சொல்லுங்கோ."

நல்லம்மா அவரைப் பார்க்கவில்லை. எதிரே கிடந்த வாங்குப் பலகையில், மாமியாரின் மடியில் அவளுடைய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புருஷன் கைகளைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்திருந்தான். மாமியார் குழந்தையை இன்னும் கொஞ்சம் நெருக்கி அணைத்துக்கொண்டாள்.

"அடிச்சாங்க தொரை" என்றாள் நல்லம்மா.

இராஜரத்தினம் நீதவான் பக்கம் திரும்பினார். "தே பீட் மீ" என்றார். நீதவான் நிமிர்ந்து பார்க்கவே, "பாஸ்ட் டென்ஸ்" என்று சேர்த்துக்கொண்டார். நீதவான் முன்பு எழுதிய வாக்கியத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வழக்கு தள்ளுபடியானது.

மத்தியானம் அவர் விறாந்தைக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மாமியாரும் புருஷனும் ஒரே குடைக்குள் முன்னே போனார்கள். நல்லம்மா நனைந்தபடி சற்றுப் பின்னால் நடந்தாள். மாமியாரின் தோளில் கிடந்த குழந்தை விழித்துக்கொண்டு பின்பக்கமாகக் கையை நீட்டியது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.