பேப்பர் இல்லாத காய்ச்சல்

இந்தக் காலத்துச் சனத்துக்குத் தும்மல் வந்தால் ஒரு லீவு, தடிமன் வந்தால் இரண்டு லீவு. செபஸ்தியாம்பிள்ளையின் எண்ணம் அதுதான். அதை மனதுக்குள் வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை அவர். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்கவே சொல்லுவார். நாற்பது வருசம் மேசன் வேலை செய்தவர், காய்ச்சலோடு சாரத்தில் ஏறிச் சுவர் பூசியவர். மகள் றெஜினா தைக்கிற ஃபக்டரியில், ஒரு நாள் வராவிட்டாலும் டொக்டரின் பேப்பர் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டபோது, "நல்ல சட்டம். கள்ளர் பிடிபடுவினம்," என்றார்.

மாசி மாதத்து ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்தச் சட்டம் அவருடைய வீட்டுக் கதவையே தட்டியது.

கதவைத் திறந்தால் றெஜினா நிற்கிறாள். நிற்கிறாள் என்று சொல்லவும் முடியாது. ஃபக்டரிச் சுப்பவைசர் சிவராசாவின் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறாள். ஜக்கெற்றின் முன்பக்கம் வாந்திக் கறை. தகப்பனைப் பார்க்காமலே உள்ளே போய், சப்பாத்தோடு சோபாவில் விழுந்தாள்.

"மிசினிலையே சத்தி எடுத்துப்போட்டா அண்ணை. நான்தான் உடனை காரிலை ஏத்திக்கொண்டு வந்தனான்," என்றான் சிவராசா. சப்பாத்தில் பனி ஒட்டியிருந்ததால் வாசற்படியைத் தாண்டவில்லை.

செபஸ்தியாம்பிள்ளை யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை, பெற்ற மகளையும்தான். புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தார். வைத்த வேகத்திலேயே எடுத்தார். அடுப்புக் கல்லில் வைத்ததுபோல இருந்தது.

"நாளைக்கு வருவாவோ?" என்று கேட்டான் சிவராசா.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? நீர்தானே கண்டனீர்."

"நான் கண்டனான் அண்ணை. நான் கண்டதை ஒஃபிசிலை எடுக்க மாட்டினம். ஏற்கனவே ரெண்டு தரம் பேப்பர் இல்லாமல் வேலைக்கு வராமல் நிண்டிட்டா. ஒருக்கால் பல்லுக்குத்து, ஒருக்கால் தலைச்சுத்து. ரெண்டையும் எழுதி வைச்சிருக்கினம். இது மூண்டாவது. வெள்ளிக்கிழமைக்கிடையிலை பேப்பர் வரவேணும். வராட்டில் திங்கட்கிழமை அந்த மிசினிலை வேற ஆள் இருக்கும்."

"காய்ச்சலுக்கு டொக்டர் என்னத்தைச் செய்யிறது? ரெண்டு பனடோலைப் போட்டுட்டுப் படுத்தால் சரிதானே."

"மருந்துக்கு ஆர் போகச் சொன்னது? பேப்பருக்குப் போங்கோ."

சிவராசா போய்விட்டான். அவனுடைய மத்தியானச் சாப்பாட்டு நேரம் அரை மணித்தியாலம்தான்.

மருமகன் றொக்சனுக்குக் கார்த்திகையிலிருந்து வேலை இல்லை. வேலை தேடி ரொறொன்ரோவில் தமையன் வீட்டில் நின்றான். அஹுன்ட்சிக் பகுதியில் இருந்த இந்த இரண்டறை வீடு றெஜினாவின் அந்த ஒரு மிசினின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அதைத் தகப்பனும் மகளும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர்களுக்கென்று ஒரு குடும்ப டொக்டர் கிடையாது. பெயர் பதிந்து இரண்டு வருசமாகக் காத்திருப்பு. மற்றது, பஸ்ஸில் பத்து நிமிசத் தூரத்தில் இருக்கிற கிளினிக். எட்டு மணிக்குத் திறந்து இருபத்தைந்து நம்பர் கொடுப்பார்கள். அதற்கு ஆறு மணிக்கே சனம் வெளியில் வரிசையாக நிற்கும்.

"என்னாலை நிக்கேலாது அப்பா. கால் ரெண்டும் வழுகுது," என்றாள் றெஜினா.

"நீ ஏன் நிக்கிறாய்? நான் போய் இடம் பிடிக்கிறன். நீ ஒன்பதரைக்கு வந்தால் காணும்."

அதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. சண்டைக் காலத்தில் சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு மூன்று வீட்டுக்குச் சேர்த்து இடம் பிடித்தவர் அவர். கூப்பன் அட்டையை, அந்தக் காட்டை, வரிசையில் வைத்தால் இடம் இடம்தான். காட்டுக்குரியவன் பிறகு வந்து நின்றுகொள்வான். ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை விடிய, மைனஸ் இருபத்திரண்டு டிகிரிக் குளிரில், பதினோராவது ஆளாகப் போய் நின்றார். முன்னுக்கு நின்றவர்களில் பாதிப்பேர் இருமினார்கள். கதவு திறந்ததும் கவுண்டரில் இருந்த பெண் கையை நீட்டினாள். எல்லாரும் மெடிக்கல் காட்டைக் கொடுத்தார்கள். அவரும் தன்னுடையதைக் கொடுத்தார். பதினோராம் நம்பர் கிடைத்தது. காட்டில் யாருடைய பெயர் இருந்தால் என்ன, இடம் பிடித்தாயிற்று என்று சுவரோரக் கதிரையில் இருந்தார்.

ஒன்பதரைக்கு றெஜினா வந்தாள். போர்வைபோல ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, கண் இரண்டும் உள்ளே போய்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்ட பெயர் அவருடையது.

"போ பிள்ளை, உன்ரை முறை."

றெஜினா கவுண்டருக்குப் போய்த் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். கவுண்டர்ப் பெண் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டினாள், இல்லை என்று. றெஜினா திரும்பவும் சொன்னாள். இரண்டு முழங்கையையும் கவுண்டரில் ஊன்றிக்கொண்டாள்.

"என்னவாம்?" என்று எழும்பி வந்தார் செபஸ்தியாம்பிள்ளை.

"நம்பர் உங்களுக்காம். உங்கடை காட்டுக்குத்தான் ஃபைல் திறந்ததாம். என்னை இண்டைக்குப் பாக்கேலாதாம், இருபத்தஞ்சும் முடிஞ்சுதாம். நாளைக்கு வரட்டாம்."

"நாளைக்கு வந்தால் நேற்றைக்கும் இண்டைக்கும் சேர்த்து எழுதுவினமோ?"

கேட்டாள். பதில் வந்தது.

"காணாத நாளுக்கு எழுத மாட்டினமாம்."

"உனக்கு முன்னாலை இருக்கிறவளுக்குக் கண் தெரியாதோ எண்டு கேள். நிக்கேலாமல் நிக்கிறாய் எண்டது தெரியேல்லையோ?"

"கத்தாதேங்கோ அப்பா. அவ நல்ல மாதிரித்தான் சொல்லுறா."

நல்ல மாதிரிச் சொன்னது அவருக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து இரண்டாம் தரமும் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். றெஜினாவைக் கையில் பிடித்து இழுத்தார். நேர்ஸ் குறுக்கே வந்து ஒரு விரலைக் காட்டினாள். ஒரு ஆள்தான். றெஜினா கதிரைக்குத் திரும்பினாள். அவர் தனியே போனார்.

டொக்டர் நாற்பது வயது மனிதன். அவனும் நித்திரை கொண்டு கனகாலம்போல இருந்தான். செபஸ்தியாம்பிள்ளை கதவுப் பக்கம் கையை நீட்டி, தனக்குத் தெரிந்த இரண்டு சொல்லையும் சொன்னார்: "ஃபக்டரி. பேப்பர்."

பேப்பர் என்றதும் டொக்டர் தலையை ஆட்டினான். விடிந்ததிலிருந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். அவருடைய சட்டைக் கையை மடித்துப் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தான். நம்பரைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினான். ஆறு மணியிலிருந்து குளிரில் நின்று, பிறகு கவுண்டரில் கொதித்த மனிதனின் இரத்தம் எந்த நம்பரில் நிற்கும்? மளமளவென்று ஏதோ சொன்னான். கிழவர் திரும்பவும் கதவைக் காட்டினார். டொக்டர் அவருடைய தோளில் தட்டி, எழுதி, கிழித்துக் கையில் கொடுத்தான். முழுக்க ஐந்து நிமிசம் இல்லை. கவுண்டரில் அதற்குத் தனிக்காசு வாங்கி முத்திரை குத்தினார்கள்.

"எடுத்துப்போட்டன்," என்று நீட்டினார். வெற்றி பெற்றவர்போலத்தான் நீட்டினார்.

றெஜினா வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.

"இது உங்களுக்கப்பா. உங்களுக்குப் பிரஷர் கூடவாம். நீங்கள் ரெண்டு நாள் வேலைக்குப் போகக்கூடாதாம்."

"எனக்கென்ன வேலை?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

வெள்ளிக்கிழமையும் காய்ச்சல் இறங்கவில்லை. றெஜினா எழும்பி உடுத்தப் பார்த்து, கட்டில் விளிம்பிலேயே இருந்துவிட்டாள். திரும்பக் கிளினிக்குக்குப் போனாலும் கழிந்த நாட்களுக்கு எழுதமாட்டார்கள்.

"நீங்கள் போய் நடந்ததைச் சொல்லுங்கோ அப்பா. கிளினிக்குக்குப் போனனாங்கள் எண்டாவது தெரியட்டும். அந்தப் பேப்பரைக் காட்டினால் நம்புவினம்."

"அவங்கள் நம்புவாங்களோ இல்லையோ, நான் அவங்களை நம்பேல்லை," என்றார். ஆனாலும் போனார்.

ஃபக்டரி சபனெல் தெருவில் ஆறாம் மாடி. லிஃப்ற் திறந்ததும் மிசின்களின் இரைச்சல். அதற்கு மேலால் இருமல். ஒரு வரிசையில் தொடங்கி அடுத்த வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தது. சிவராசா கழுத்தில் மஃப்ளரோடு வந்தான். அவர் வாயைத் திறக்கமுன்பே கையிலிருந்த பேப்பரைக் கண்டான்.

"கொண்டந்திட்டியளோ? நல்லதாப் போச்சு."

வாங்கிக்கொண்டுபோய் ஒஃபிஸ் யன்னலுக்குள் நீட்டினான். உள்ளே இருந்தவள் திகதியைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், இரண்டு ஓட்டை போட்டு றெஜினாவின் ஃபைலில் கோர்த்தாள். "மெர்சி," என்று நன்றி சொன்னாள்.

"தம்பி, உது என்ரை பேப்பர்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"என்னண்ணை?"

"றெஜினாவை டொக்டர் காணேல்லை. என்னைத்தான் கண்டவர். உதிலை கிடக்கிறது என்ரை பிரஷர். நான் உதைக் குடுக்க வரேல்லை, நடந்ததைச் சொல்ல வந்தனான்."

சிவராசா அவரை லிஃப்ற் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "மெல்லக் கதையுங்கோ. உங்கடை பேர்தானே அவவுக்குக் கடைசிப் பேர். அது கிடக்குது, திகதி கிடக்குது, முத்திரை கிடக்குது. அதுக்கு மேலை அங்கை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. அலுவல் முடிஞ்சுது. விடுங்கோ."

"என்ன முடிஞ்சது? நாளைக்கு ஒருத்தன் வாசிச்சானெண்டால் கள்ளப் பேப்பர் குடுத்தவள் எண்டு என்ரை பிள்ளையைத்தானே வேலையை விட்டுக் கலைப்பாங்கள். உம்மையோ கலைக்கப்போறாங்கள்? அதை எடுத்துத் தாரும். பதிலுக்கு நீர் எழுதும். புதன்கிழமை மிசினிலை சத்தி எடுத்தவ, நான்தான் வீட்டை கொண்டுபோய் விட்டனான் எண்டு."

"நான் எழுதினால் செல்லாதண்ணை."

"கண்டவன் எழுதினால் செல்லாது. காணாதவன் எழுதினால் செல்லும். அப்பிடியோ?"

சிவராசாவுக்கும் கோபம் வந்தது. "சட்டம் சும்மா வரேல்லை. வருத்தமெண்டு சொல்லிப்போட்டுக் கலியாணவீட்டிலை பலகாரம் குடுத்துக்கொண்டு நிண்டது எங்கடை ஆக்கள்தான். நீங்களும் கோயில் வாசலிலை நல்ல சட்டமெண்டு சொன்னனீங்கள். நான் பக்கத்திலை நிண்டனான்."

"ஓம், சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்லை."

"பேந்தென்ன? இப்ப பாருங்கோ, சட்டம் வந்தாப்பிறகு ஒருத்தரும் வேலைக்கு வராமல் நிக்கிறேல்லை. ஒரு மிசினும் சும்மா கிடக்கிறேல்லை."

செபஸ்தியாம்பிள்ளை பார்த்தார். ஒரு மிசினும் சும்மா கிடக்கவில்லைத்தான். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் ஒரு கையால் மூக்கைத் துடைத்து, அதே கையால் குழந்தைச் சட்டையை ஊசிக்குக் கீழே தள்ளினாள். கடைசி வரிசையில் ஒருத்தி துணிக் குவியலில் நெற்றியை வைத்து எடுத்தாள். சிவராசாவின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அந்தப் பனிக்காலத்தில்.

"உமக்கும் காய்ச்சல்."

"கொஞ்சம்."

"போய்ப் படுமன்."

"பேப்பருக்கு ஆர் விடிய ஆறு மணிக்கு நிக்கிறது? எனக்கு இடம் பிடிக்க அப்பாவும் இல்லை."

பகிடிபோலத்தான் சொன்னான். இருவரும் சிரிக்கவில்லை.

"எழுதும்," என்றார் கிழவர். "ஒஃபிசுக்கு வேண்டாம். என்ரை கையிலை தாரும். ஆரும் என்ரை பிள்ளையைக் கள்ளியெண்டு சொன்னால் காட்டுறதுக்கு."

சிவராசா துணிக்கட்டில் குத்துகிற காகிதத் துண்டொன்றை எடுத்து, சுவரில் வைத்துத் தமிழில் நாலு வரி எழுதினான்.

"வாசியும்."

வாசித்தான். புதன்கிழமை, மிசின், சத்தி, காய்ச்சல், கார். எல்லாம் இருந்தது.

"கையெழுத்து?"

"அது வேண்டாமண்ணை. எனக்கும் ரெண்டு பிள்ளையள்."

செபஸ்தியாம்பிள்ளை யன்னலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்தவள் அந்த ஃபைலை மற்ற ஃபைல்களுக்கு நடுவே செருகிக்கொண்டிருந்தாள். போய்க் கண்ணாடியில் தட்டினால் உண்மை வெளியே வரும். மகளின் வேலையும் அதோடு வெளியே வந்துவிடும். ஒரு அடி வைத்தார். நின்றார். அந்தத் துண்டைச் சிவராசாவின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"அப்ப இதுவும் பேப்பர் இல்லை."

லிஃப்ற்றுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார்.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கோ," என்று மேலிருந்து சிவராசா சொன்னான். "சட்டம் எல்லாருக்கும் நல்லதுக்குத்தான் அண்ணை, யோசிச்சுப் பாத்தால் உங்களுக்கே விளங்கும்."

அவர் யோசித்துக்கொண்டுதான் இறங்கினார். நாலாம் மாடி வரைக்கும் சிவராசாவின் இருமல் கேட்டது. கீழே கதவைத் தள்ளி, பனிக்குள் காலை வைத்து, பஸ் தரிப்பைப் பார்த்து நடந்தார். விளங்கவில்லை.