பள்ளிக்கூடத்துக்குள் போன ஓடை

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து வந்தது. தப்பு என்னுடையது. (முதல் வரைவில் "அலுவலகத்தில் நடந்த ஒரு தப்பு" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

நகரத்துக்கு வெளியே நானூறு வீடுகள் கட்ட ஓர் இடம் பார்த்திருந்தார்கள். அது கட்டத் தகுந்த இடமா என்று கணினி வரைபடத்தில் சோதிப்பது என் வேலை. சரிவு, மண், சாலை, ஓடை, ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்போம். போட்டேன். ஓடை இடத்துக்கு வெளியே போனது. "தகுந்தது" என்று எழுதினேன். மூன்றாம் பிளாக்கில் என் அக்காவுக்கு ஒரு வீட்டை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தார்கள்.

2

ஒப்புதல் கூட்டத்தன்று காலை மழை கொட்டிக்

இல்லை. வெயில்தான். காட்சிக்கு அழகாக இருக்குமே என்று பார்த்தேன்.

கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அச்செடுக்குமுன் வரைபடத்தைப் பெரிதாக்கினேன். ஓடை, சாலையில் அதற்கென்று கட்டிய பாலத்துக்கு அடியில் போகவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நுழைந்து, இரண்டு வகுப்பறைகளைத் தாண்டி வெளியேறியது.

[ஓடையைப் பழைய காகித வரைபடத்திலிருந்து எடுத்திருந்தேன். பழைய அளவைமுறையைப் புதியதற்கு மாற்றாமல் அடுக்கினால் எல்லாம் தள்ளி விழும். மாற்ற ஒரு சொடுக்கு போதும். மறந்திருந்தேன்.]

சொடுக்கினேன். ஓடை நூற்று நாற்பது மீட்டர் நகர்ந்து, பாலத்துக்கு அடியில் சரியாகப் பொருந்தியது. அதன் கீழ்ப்பகுதி மூன்றாம் பிளாக்கின் நடுவே போனது.

3

மேலாளரை வில்லனாக்கினால் கதை எளிதாகும். நான்கு முறை முயன்றேன். அவர் ஒத்துழைக்கவில்லை.

கூட்டத்தில் அவர் பேனாவைத் திறந்தார். நான் எழுந்தேன். நாற்காலி விழுந்தது.

"என்னம்மா?"

"சார், கையெழுத்து போடாதீங்க."

"மூணு வருஷமா வாயே திறக்காத பொண்ணு," என்றார் பொறியாளர். "இன்னைக்குன்னு பார்த்து முகூர்த்தம் வந்திருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓடை தப்பான இடத்துல இருக்கு சார். வீடெல்லாம் தண்ணி போற வழியில வருது."

சிரிப்பு நின்றது. "யார் போட்டது?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார்."

(இங்கே ஒரு பத்தி இருந்தது. என் கை நடுங்கியது பற்றி. தேவையில்லை.)

"வேற வழி?"

"அதே நிலத்துல மேற்கால மேடு இருக்கு. நானூறும் அங்கேயே அடங்கும். வரைஞ்சு கொண்டு வந்திருக்கேன்."

பொறியாளர் தாளின்மேல் குனிந்தார். பாலம், ஓடை, மேடு என்று விரலை நகர்த்தினார். "அடங்கும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாவே அடங்கும்."

மேலாளர் பேனாவை மூடினார். "மேட்டுக்கு மாத்துங்க."

எனக்குள் மேளம் கொட்டியது. வெளியில் பார்த்தவர்களுக்கு, நான் நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

4

மாலையில் அக்கா அழைத்தாள்.

"ஏண்டி, என் வீட்டைத் தூக்கி மேட்டுல வெச்சுட்டியாமே?"

"ஆமாக்கா."

"நீயா பேசுன? பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெக்கப்பட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்குறவ ஆச்சே!"

"இன்னைக்கு நம்ம ஸ்டாப்லயே இறங்கினேன்."

5

முடிவு வரவில்லை. பெருமழை பெய்து, வெள்ளம் வந்து, நான் சொன்னது சரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் முடிவு ஒன்று எழுதினேன். கிழித்தேன். என் வெற்றியே எதுவும் நடக்காததுதான். அதை எப்படி எழுதுவது?

நீங்களே எழுதுங்கள். மழை வேண்டுமா, எவ்வளவு வேண்டுமானாலும் பெய்ய வையுங்கள். ஓடை நிரம்பி ஓடட்டும். மொட்டைமாடியில் காயும் துணியை எடுக்க மட்டும் அக்காவுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.